நூற்றெட்டு வடையும் ஒரு வாக்கரும்

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டு சமையலறையில் ஒரு வடை வெடித்தது.

வடை வெடிக்குமா? வெடிக்கும். மாவை நைசாக அரைத்து, தட்டி, நடுவில் ஓட்டை போட மறந்து, காய்ந்த எண்ணெயில் போட்டுப் பாருங்கள். வேண்டாம்... நான் பார்த்ததே போதும்.

ஐம்பத்தாறு வயது வரை காபிகூடக் கலக்கத் தெரியாதவன் எதற்காக வடை சுட வேண்டும்? வேண்டுதல்!

என் மனைவி சுகந்தி கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போர்டில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு திடீரென்று இடது கால் மரத்துப்போய், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்து நரம்பை நசுக்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். தியேட்டர் வாசலில் நின்ற மூன்றரை மணி நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது இதுதான்: “ஆஞ்சநேயா, அவ நல்லபடியா வெளிய வரட்டும். என் கையாலயே சுட்டு, நூத்தெட்டு வடை மாலை சாத்தறேன்.”

பயத்தில் இருப்பவன் வார்த்தையை அளந்தா பேசுகிறான்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலில் உணர்வும் திரும்பியது. தைரியம்தான் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை வாக்கரோடு சேர்ந்து விழுந்தாள். அதன்பின் கட்டில், பாத்ரூம், மறுபடி கட்டில் — அவ்வளவுதான் அவள் உலகம்.

பொத்தேரியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் பிசியோதெரபிஸ்ட் ஜாய்ஸ் கெஞ்சுவாள். “நடந்தாதான் கால்ல பலம் வரும் ஆன்ட்டி. ஸ்கூல் போக வேணாமா?”

“இனிமே ஸ்கூலாவது ஒண்ணாவது...” சுகந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்கு ஆபரேஷனைவிட அதுதான் பயமாக இருந்தது.

இதற்கிடையில் வேண்டுதல் பாக்கி. கிழக்கு தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஆஞ்சநேயர் கோவில் அர்ச்சகரிடம் கேட்டேன். “எல்லாரும் மடப்பள்ளியிலதான் சொல்லிடுவா சார்” என்றார். அப்பாடா! வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

“என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?” என்றாள், கூரையைப் பார்த்தபடி.

“என் கையாலயே...”

“அப்ப கை எங்க?”

கணக்கு டீச்சரிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த வெடிச் சனிக்கிழமை. “ஐயோ!” என்று நான் அலறிய அலறலில் ஹாலிலிருந்து டக்... டக்... என்று வாக்கர் சத்தம். சமையலறை வாசலில் சுகந்தி! எக்ஸாஸ்ட் ஃபேன் மேல் அரை வடை. என் மூக்குக் கண்ணாடியில் மீதி மாவு. பார்த்தாள். வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் சுட்ட வடையெல்லாம் எண்ணெயைக் குடித்துக் கிடந்தது.

“உளுந்து எவ்ளோ நேரம் ஊறுச்சு?”

“ராத்திரி பூரா.”

“கடவுளே! இது இட்லி இல்லைங்க. ஒரு மணி நேரம் போதும். தண்ணி விடாம, கொரகொரன்னு அரைக்கணும்.”

மூன்றாவது வாரம் கல். “இதைச் சாத்தினா அனுமாருக்கே பல்லு போயிடும்” என்றாள். அவளுக்காக சமையலறையில் ஒரு நாற்காலி போட்டேன். உட்கார்ந்தால்தானே? ஹாலுக்குப் போவாள், ஏதோ கருகும் வாசனை வரும், திரும்ப வருவாள். இப்படிப் பத்து நடை, பதினைந்து நடை.

ஒரு சனிக்கிழமை இதைப் பார்த்த ஜாய்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “சார், ப்ளீஸ்... இன்னும் நாலு வாரம் வடை சரியா வராம பாத்துக்குங்க.”

“அதுக்கு நான் தனியா முயற்சி பண்ணவே வேணாம்மா” என்றேன்.

இத்தனை வருஷமும் நான் பக்திமான் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கண் கடிகாரத்தில், எட்டே நிமிடத்தில் பூஜை, அப்புறம் ரயிலைப் பிடிக்க ஓட்டம்! அடுப்பு அப்படி விடுவதில்லை. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே வேகாது. ஒவ்வொரு வடைக்கும் ஒரு ‘ராமா’ சொல்லிக்கொண்டு, அது பொன்னிறமாகும்வரை நிற்கத்தான் வேண்டும். அப்படி நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. முப்பது வருஷமாக என் தட்டில் சுடச்சுட விழுந்த தோசைகள்... ஒன்றுக்காவது நன்றி சொல்லியிருக்கிறேனா?

அன்றே சொன்னேன். “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழாவது சனிக்கிழமை — போன வாரம் — வடை வடையாகவே வந்தது! நூற்றுப் பதினைந்தில் ஏழு உடைந்து, சரியாக நூற்றெட்டு. வாழைநாரில் கோத்தவள் சுகந்தி. கையில் வாக்கர் போய் ஸ்டிக் வந்திருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, அவளாகவே நடந்து சந்நிதிக்கு வந்தாள்.

மாலை கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் ஆஞ்சநேயர் கம்பீரமாக ஏற்றுக்கொண்டார். பிரசாதமாக ஒரு வடையைக் கடித்த ஒருவர், “எந்தக் கடையில ஆர்டர் குடுத்தீங்க சார்?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் சுகந்தி முந்திக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரர் சுட்டது!” தன் வகுப்புப் பிள்ளை சென்டம் வாங்கியதைச் சொல்கிற குரல்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “என்னங்க, நானும் ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணு வேண்டிக்கிட்டேன்” என்றாள்.

“என்ன?”

“நான் நடந்து ஸ்கூலுக்குப் போனா, பிள்ளையாருக்கு நூத்தெட்டு கொழுக்கட்டை.”

“அதுக்கென்ன? தாராளமா செய்யேன்!”

“என் கையாலன்னு யார் சொன்னா? உங்க கையாலன்னு வேண்டிக்கிட்டேன்.”

பச்சரிசியை ஊறப்போட்டுவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.