மறுபடி என்ஃபோர்சிங்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். பட்டப்பகலில், என் வீட்டு மேசையில், எனக்கு நடந்தது. நான் கம்பெனி சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவன்.

என் மனைவிக்கும் அதே வேலைதான். எங்கள் லினக்ஸ் கணினியில் ஒரு காவல் உண்டு. என்ஃபோர்சிங் நிலையில் வைத்தால், அனுமதியில்லாத புரோகிராமைத் தடுத்துவிடும். பெர்மிசிவ் என்றால் தடுக்காது, குறித்து மட்டும் வைக்கும். ஏதாவது ஓட மறுத்தால் நான் உடனே பெர்மிசிவ் ஆக்கிவிடுவேன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"திருடன் வந்தா விட்டுடு, பேரை மட்டும் எழுதிக்கோன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லுவீங்களா?"

அவள் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருத்துவமனையிலிருந்து பேசி அனுப்பிய ஒரே ஒரு குரல் பதிவுதான் மிச்சம். அதுவும் பழுதாகி, திறக்க மறுத்தது. வேறு பிரதி இல்லை. பைத்தியம் பிடித்தவன்போல இணையத்தில் தேடி, பழுது நீக்கும் புரோகிராம் ஒன்றை இறக்கினேன். காவல் தடுத்தது. வழக்கம்போல பெர்மிசிவ் ஆக்கினேன்.

மறுபடி ஓட்டினேன். தடுத்தது. நிலையைப் பார்த்தேன்... என்ஃபோர்சிங்.

கை தவறியிருக்கும் என்று மறுபடி மாற்றினேன். அதற்குள் பழையபடி என்ஃபோர்சிங்.

யாரோ வெளியிலிருந்து நுழைந்திருக்கிறார்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். மாற்றினேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

டக்... டக் டக்.

எனக்குப் பின்னால். அவள் மேசையில். அதில் ஒன்றுமே இல்லை, கீபோர்டு உட்பட எல்லாவற்றையும் நானே எடுத்து வைத்துவிட்டேன்.

டக்.

என்ஃபோர்சிங்.

நான் திரும்பவில்லை. பயம்தான். திரும்பினால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்.

"உன் குரலைக் கேக்கணும்டி... விடேன்."

சத்தம் நின்றது. அப்படியே மேசையில் கவிழ்ந்து அழுதேன்.

மறுநாள், ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடும் ஆபீஸ் நண்பன் வந்தான். அந்தப் புரோகிராமை ஒரு காலிக் கணினியில் ஓட்டிப் பார்த்தான். தொட்ட ஃபைலை எல்லாம் அழித்துக்கொண்டே போனது. பிறகு என் கணினியில் யார் எதை மாற்றினார்கள் என்ற குறிப்புகளைப் பார்த்தான். திரையில் ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல அவங்க அக்கவுண்ட்டை எப்படா நீக்கின?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாளே. ஏன்?"

"மூணு தடவையும் மாத்தினது அந்த அக்கவுண்ட்தான்."

குரல் பதிவை அவன்தான் வேறு வழியில் சரிசெய்து கொடுத்தான். "சாப்பிட்டுட்டுத் தூங்குங்க, நாளைக்குப் பேசலாம்" என்கிறாள். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் வேண்டுமென்றே பெர்மிசிவ் ஆக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாறுவதே இல்லை.