கரும்பு வெட்டுக்கு வாழைநார்ச் சட்டை

நாரைத் துணியாக்குவதுகூடப் பரவாயில்லை, அந்தத் துணியை ஒருத்தர் உடம்பில் ஏற்றுவதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு. புதுசாக எதையாவது செய்து ஊருக்குள் எடுத்துப்போய், ‘வேணாங்க’ என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தவன் நான். ரெடிமேட் வந்து கடை படுத்ததும், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு வாழைநார்க் கொட்டகையில் சேர்ந்தேன். தார் வெட்டிப்போட்ட மரத்தில் நார் உரித்து, பருத்தியோடு கலந்து நெய்வார்கள். கரும்புத் தோகையை எங்கள் பக்கம் சோகை என்போம், அது பிளேடு மாதிரி அறுக்கும் இல்லையா, அதற்காக அந்தத் துணியில் வெட்டுக்காரர்களுக்குச் சட்டைக் கை மட்டும் தனியாகத் தைத்துக் கொடுக்கலாம் என்றது, கொட்டகையை நடத்தின, இன்ஜினியருக்குப் படித்த பொண்ணு ஜெசிந்தா.

போட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டவள் அஞ்சலை. போன வெட்டில் சோகை கிழித்த கை சீழ் பிடித்து, பாதியில் நின்றுபோனவள். “இந்த வாட்டியும் கை புண்ணாச்சின்னா செட்டுல சேக்க மாட்டேன்” என்று வெட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார். அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

முதல் ஜோடி

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆலைக்கு வெட்டு தொடங்க இன்னும் நாள் இருந்ததால், நைனார்பாளையம் பக்கம் விதைக்கரும்பு வெட்டுகிற இடத்தில் அஞ்சலைக்கு மாட்டிவிட்டேன். டீ வருவதற்குள் கழற்றி வரப்பில் வீசிவிட்டு, இரண்டு கையையும் சொரிந்துகொண்டு நிற்கிறாள். தோலெல்லாம் செக்கச்செவேல். “சோகை கிழிச்சிடுச்சாக்கா?” என்று ஜெசிந்தா பதறிக்கொண்டு ஓடினாள்.

“சோகை கிழிச்சாதான் எரியும்மா. உன் துணி கிழிக்காமலே எரியுது.”

கொடியில் காய்ந்தது

நாரை மெத்தென்று ஆக்க ஜெசிந்தா படாத பாடு பட்டாள். ஊறவைத்தாள், சோடாவில் வேகவைத்தாள், உருளையில் கொடுத்து நசுக்கினாள். கடைசியில் பச்சைக் குழந்தைக்கும் போடலாம் என்கிற பதம் வந்தது. நூலுக்குக் கஞ்சி போட்டு நெய்த துணி. தைத்துக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் ஒரு கையைக் காணோம். இன்னொரு கை, பக்கத்து வீட்டு மாட்டின் வாயில் பாதி.

நான் ஒரு பக்கம் இழுக்க, மாடு ஒரு பக்கம் இழுக்க, துணி கிழியவே இல்லை. “ஐயா, எவ்வளவு இழுவை தாங்கும்னு பாக்கத்தான் வெச்சிருந்தேன். பாத்தாச்சு, விடுங்க” என்றாள் ஜெசிந்தா. நான் மாட்டைத் திட்டப்போக, மாட்டுக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எம் மாட்டை ஒண்ணும் சொல்லாத. அது மட்டமான சரக்குல வாயே வெக்காது.”

புருஷன் சட்டை

அடுத்த ஜோடியை அஞ்சலை ஒரு நாள் முழுக்கப் போட்டாள். ஒரு கீறல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஒரு கட்டு தைத்து எடுத்துக்கொண்டு போனால், அஞ்சலையே புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். மற்ற பெண்களும் அப்படித்தான். நான் தைத்த கை இரண்டும் அவள் இடுப்பில் சொருகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வேகுதாம். நைந்த சட்டை, சோகைக்கு ஈடு கொடுக்குமா? அன்றைக்கே மணிக்கட்டில் புதுசாக ஒரு கோடு, ரத்தம் கசிந்துகொண்டு.

“அந்தச் சட்டையில அப்படி இன்னாதான் இருக்குது?” என்று கத்திவிட்டேன். அவள் மார்புப் பையைத் தட்டிக் காட்டினாள். வெற்றிலைப் பொட்டலம், போன், பஸ்ஸுக்குச் சில்லறை.

“உன்துல இதையெல்லாம் எங்க வெக்கிறது மாமா? உன் மொட்டத் தலையிலயா?”

வெட்டு தொடங்கின நாள்

கொட்டகைக்குப் போனதும் மெஷினில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் சேர்த்துச் சட்டையாக்கி, மார்பில் மூடி வைத்த பை ஒன்று அடித்தேன். “முதுகுக்கு வலைத்துணி வைங்க ஐயா, காத்து போவட்டும்” என்றாள் ஜெசிந்தா. வைத்தேன்.

ஆலைக்கு வெட்டு தொடங்கின அன்று சாயங்காலம் அஞ்சலை அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு மேஸ்திரி முன்னால் கையை நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய தழும்பு இருந்தது, ஆறின கோடு இருந்தது, புதுசாக ஒன்றும் இல்லை. “காலையில நேரத்தோட வந்துடு” என்று அவளிடம் சொன்னார். அவள் வெற்றிலையை எடுத்து நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். மேஸ்திரி அந்தச் சட்டையைக் கையில் வாங்கி, பைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் ஒண்ணு தெச்சிக் குடுங்க பெரியவரே, பாக்கெட்டை மட்டும் ரெண்டா வெச்சிடுங்க.”

நாரை வெண்ணெய் மாதிரி மெத்தென்று ஆக்கினாலும் சரி, வெற்றிலைக்கு இடம் விடாத துணியை எங்கள் பக்கத்தில் மாடு மட்டும்தான் விரும்பும்.