ஈரச் சுவருக்கு ஒரு கோட் பெயிண்ட்

என் அக்கா சிதம்பரத்தில் என் வீட்டில் இருக்கிறாள். அவள் கணவர், எனக்கு மாமா, கடலூர் செம்மண்டலத்தில் தங்கள் சொந்த வீட்டில் இருக்கிறார். இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. மாமா ஒருநாள் வெளியூர் போனால்கூட அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர்களைப் பிரித்து வைத்தது ஒரு சுவர்ப் பூச்சு. சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல்கூடக் கோபம் வருகிறது.

கார்த்திகையில் பெண்ணையாறு பொங்கி ஊருக்குள் வந்தது. அக்கா வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் கட்டில், பீரோ, கிரைண்டர் என்று எல்லாவற்றிலும் சேறு. கடலூருக்கு இது புதிதில்லை. முன்பெல்லாம் வீட்டு மனிதர்களே சேற்றை வழித்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இப்போது அதற்கென்று ஆட்கள் வந்துவிட்டார்கள். தெருவில் தண்ணீர் வற்றுவதற்குள் மின்கம்பத்தில் அட்டை தொங்கியது: வெள்ளம் புகுந்த வீடுகள் புதிது போல் ஆக்கித் தரப்படும்.

அட்டையில் இருந்த நம்பருக்கு அக்காதான் போன் போட்டாள். வந்தவர் அதற்கு முந்தின மாதம் வரை கல்யாண மண்டபங்களுக்குச் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தவர். அதை அவரே சொன்னார், மறைக்கவில்லை. சுறுசுறுப்பான மனிதர். நாலு பேரைக் கூட்டிவந்து ஒரே மூச்சில் சேற்றை அள்ளினார். ஆசிட் ஊற்றித் தரையைத் தேய்த்தார். முதுகில் டின்னை மாட்டிக்கொண்டு சுவரெல்லாம் எதையோ அடித்தார்.

"இன்னா மருந்து தம்பி இது?" என்று அக்கா கேட்டாள்.

"கிருமி மருந்துக்கா. ஆஸ்பத்திரில அடிக்கிறதுதான்."

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்குத் திருப்தி.

பிறகு சுவர் விஷயம் வந்தது. வெள்ளம் குடித்த செங்கல் காய மாசக்கணக்கில் ஆகும். ஆனால் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்காத வீட்டில் பொங்கல் வைக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. சாவு விழுந்த வீடுதான் அப்படிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் யார் போனது என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அதனால் தெருவே அவசரப்பட்டது, அக்காவும் அவசரப்பட்டாள். மாமா மட்டும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் சில்லுன்னு இருக்கேப்பா" என்றார்.

"செவுத்துல புட்டி மாவு பூசி மூடிட்டா ஈரம் வெளிய வராது சார். நா கேரண்டி."

அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியே வராத ஈரம் உள்ளேயே இருந்து என்ன செய்யும் என்பது அவருக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொங்கலன்று வீடு இளம்பச்சையில் பளபளவென்று இருந்தது. அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அறை அறையாகக் காட்டினாள்.

மாசியில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு கட்டிலுக்கு மேலே. அக்காவுக்குத் தூசி தும்பு இருந்தால் தூக்கம் வராது. தினமும் ஈரத்துணியால் துடைத்தாள், அவை தினமும் திரும்ப வந்தன. அவளுக்கு இருமல் பிடித்தது. சளி என்று கஷாயம் குடித்தாள். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் பையைத் தூக்கிக்கொண்டு அத்தனை கடையும் ஏறி இறங்குகிறவள், வாசலுக்குக் கோலம் போடப் போய்விட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கல்யாணத்துக்காக என் வீட்டில் வந்து தங்கியபோது இருமல் குறைந்தது. ஊருக்குப் போனாள், திரும்பவும் இழுத்தது. சிதம்பரத்தில் டாக்டரிடம் காட்டினோம். அவர் மாத்திரை எழுதுவதற்கு முன் வீட்டைப் பற்றித்தான் கேட்டார். சுவரில் பிடித்த பூஞ்சணம் நுரையீரலுக்கு ஆகவில்லை, எல்லா உடம்புக்கும் இப்படி ஆகாது, இவர்கள் உடம்புக்கு ஆகிவிட்டது என்றார். இனிமேலும் அந்த வீட்டில் இருந்தால் நுரையீரல் இறுகிப்போகும் என்றும் சொன்னார். அக்கா புடவைத் தலைப்பை முறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அப்ப நா எங்க போறது?" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மாமா சும்மா இருக்கவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துப் புட்டியை, பூச்சை எல்லாம் கொத்தித் தள்ளினார். செங்கல் காய்ந்துவருகிற நேரத்தில் அடுத்த மழை வந்து அடிச்சுவரை நனைத்தது. சில மூலைகளில் திரும்பவும் கறுப்பு. இங்கேயே வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். மச்சான் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவதா என்ற ரோஷம் அவருக்கு. என் வீடும் இரண்டே அறை.

ஓர் அரசு அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். வெள்ளத்துக்குப் பிறகு வீடு சுத்தம் செய்து சீரமைப்பவர்களுக்கு உரிமமும் பயிற்சியும் கட்டாயமாக்க வேண்டும் என்று மாமா அழகாக எழுதியிருந்தார். வாங்கியவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இத எந்தத் துறைக்கு அனுப்பறதுங்க?" என்று எங்களையே கேட்டார். மருந்துக்கடை நடத்த உரிமம் வேண்டும். டீக்கடைக்கு வேண்டும். மூடிய அறைக்குள் மனிதர் மூச்சு விடும் காற்றில் கண்டதையும் அடித்துவிட்டுப் போவதற்கு ஓர் ஏணியும் போன் நம்பரும் போதும் போல.

அந்தச் சூட்டோடு, வீட்டுக்கு மருந்தடித்துப் பூசிய ஆளைத் தேடிப் போனேன், நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று. பெயிண்ட் கடை வாசலில் டின்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். கை விரல்களில் தோல் உரிந்திருந்தது. நான் கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அக்காவுக்கு இப்பிடி ஆவும்னு சத்தியமா தெரியாது சார். லைசென்ஸ் கேட்டா அலைஞ்சு திரிஞ்சாவது நா வாங்கிடுவேன். எங்கூட வர்ற நாலு பேரால முடியாது. அவுங்க எம்பேர்ல வேல செய்வாங்க. அதே மருந்து, அதே புட்டி. கத்துக் குடுங்க, கத்துக்கறேன். யாரு குடுக்கறா?"

ஆனாலும் உரிமம் வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், கற்றுக்கொடுத்துவிட்டுத் தருகிற உரிமம். சுவர் காயாமல் பூச மாட்டேன் என்று சொல்லும் கட்டாயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் அக்கா கேட்டிருப்பாளா? பொங்கலுக்குள் முடித்துத் தருகிற வேறு ஆளைத் தேடியிருப்பாள். தெரிந்துதான் சொல்கிறேன். அப்படித் தேடினாலும் வேறு ஆள் கிடைக்காமல் செய்வதுதானே சட்டம்.

மாமா ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருவார். வந்ததும் அக்கா பக்கத்தில் போய்விட முடியாது. அந்த வீட்டு வாடை சட்டையில் ஒட்டியிருந்தாலே அவளுக்கு இருமல் கிளம்பிவிடும். நேராகக் குளியலறைக்குப் போவார். தலைக்குக் குளித்து, என் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து புது மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு அவளெதிரே உட்காருவார். என் மனைவி கிண்டல் செய்வாள். எல்லோரும் சிரிப்போம்.

போன வாரம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"புரோக்கர் வந்திருந்தாரு. வூட்ட ஒரு புருசன் பொஞ்சாதி வாடகைக்குக் கேக்கறாங்களாம். கல்யாணமாயி ஆறு மாசந்தான் ஆவுதாம். பூசி ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிட்டா போதும்னாரு. அந்த வாடகைல இங்க நமக்கு ஒரு சின்ன வூடு பாத்துக்கலாம்."

அக்காவின் முகம் மலர்ந்ததை அத்தனை மாதங்களில் அன்றுதான் பார்த்தேன். எந்தத் தெரு, மாடியா கீழேயா, சமையல்கட்டில் வெளிச்சம் வருமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவருக்குச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு வந்தத அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

மாமா சோற்றைப் பிசைந்தார். "சொன்னா யாரு வருவா?"

சொல்லியாக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த ஆளில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. அக்கா குழம்புப் பாத்திரத்தை மூடினாள்.

"வாணாங்க. அந்தப் பொண்ணு வந்து அங்க இருமணுமா? யாரையும் வெக்க வாணாம்."

"அப்ப நாம?"

அவள் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம வாங்க" என்றாள்.