ஒரு வாய்க்கு ஓர் ஊர்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தபோதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வெளியே வந்ததில் மல்லாட்டை (வேர்க்கடலை) பாதி பாதியாகக் கிடந்தது. அன்றைக்கு நான் மல்லாட்டை தின்னவில்லை. முந்தின நாள் மத்தியானம் பெங்களூரில் தின்றது. ஒரு நாள் முழுக்க அது வயிற்றைவிட்டு நகரவே இல்லை என்பது அதிகம் படிக்காத எனக்கும் புரிந்தது.

வயிற்றுவலி எனக்குப் புதிதல்ல. பத்து வருஷமாக இருந்தது. வயிறு காலியானால் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும். எதையாவது தின்றால் அடங்கும். அதனால் அதைப் பசி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப எரிந்தால் சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பேன். வழியில் வேறு மருந்து கிடைக்காது. உங்களில் யாருக்காவது இப்படி எரிந்து எரிந்து அடங்குகிறது என்றால், என்னைப் போல் பத்து வருஷம் காத்திருக்க வேண்டாம்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினேழு வயதில் அக்காவிடம் சொல்லாமல் லாரி ஏறினேன். கிளீனராக, ஓட்டலில் மேஜை துடைப்பவனாக, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனாக இருபது வருஷம் ஊர் ஊராகப் போனேன். அதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். நான் வேகமாகச் சாப்பிடுகிறவன். டிரைவர் கை கழுவிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். அன்னதானப் பந்தியில் முதலில் இலையைக் காலி செய்தவனுக்குத்தான் மறுசோறு வரும். பக்கத்து ஆள் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது நான் மோர் ஊற்றிக்கொண்டிருப்பேன். மென்று தின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அக்கா கன்னியம்மா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்குப் பின்பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தாள். மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்கும் வேலை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அங்கே போய் நின்றேன். இருபது வருஷம் கழித்து வந்த தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டியா. செருப்ப வெளிய வுடு" என்றாள்.

உள்ளே சுவரில் அக்காவைக் கட்டிய மாமாவின் படத்துக்குப் பூ போட்டிருந்தது. "போயிட்டாரு" என்றாள். எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. அவளும் சொல்லவில்லை.

உள்ளூர் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பேரியம் கொடுத்தார்கள் (எக்ஸ்ரேயில் வயிறு தெரிவதற்காகக் குடிக்கச் சொல்லும் வெள்ளைக் கரைசல்). படத்தைச் சர்ஜன் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரைப்பை பெரிய சாக்குப்பை மாதிரி தொங்கியது. அடியில், குடலுக்குப் போகிற வழி நூல் மாதிரி இருந்தது. புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பு ஏறி வழியை அடைத்துவிட்டது என்றார். மூன்றில் இரண்டு பங்கு இரைப்பையை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நேராகக் குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வயித்த எடுத்துட்டா சோத்த எங்க டாக்டர் போடறது?"

அவர் சிரித்தார். "கைப்பிடி அளவு வுட்டு வெக்கறேம்மா. அதுக்கு ஏத்த மாதிரி போடுங்க."

ஆபரேஷனைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தூங்கி எழுந்தேன், மூக்கில் குழாய் இருந்தது. ஆறாம் நாள் ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார்கள். அது உள்ளே இறங்குவதை முதல்முறையாகக் கவனித்தேன். அதற்கு முன் எதுவும் இறங்குவதை நான் கவனித்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது முப்பத்தெட்டு கிலோ இருந்தேன். சர்ஜன் நிதானமாகத்தான் சொன்னார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாக மெல்ல வேண்டும். இனிப்பு கம்மி. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி கழித்துத்தான். ஆறு வாரம் கழித்து வர வேண்டும். "முப்பத்தஞ்சுக்குக் கீழ எறங்கிட்டா மறுபடி படுக்க வெச்சு, வயித்துல குழா போட்டுத்தான் ஊட்டணும்" என்றார். நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது வேறு, உடம்பில் ஏறியது வேறு.

எங்கள் ஊரில் ரொட்டி என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ரொட்டியை ஊறவைத்துக் கொடுப்பார்கள். பல்லே வேண்டாம், அப்படியே இறங்கிவிடும். அக்காவும் அதைத்தான் செய்தாள். மில்லில் மத்தியானச் சங்கு ஊதியதும் ஓடி வருவாள். கிண்ணத்தை என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருப்பாள். இனிப்பு கம்மி என்று டாக்டர் சொன்னதை, நோயாளிக்கு இரண்டு கரண்டி ஒன்றும் செய்யாது என்று அவளே தள்ளிவைத்துவிட்டாள். நானும் சும்மா இருந்தேன்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு ஆரம்பித்துவிடும். முதலில் காதோரம் வியர்வை. பிறகு நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை நடுங்கும், வயிற்றுக்குள் எதுவோ உருண்டு ஓடும். டம்பிங் என்பார்கள் (சாப்பிட்டது இரைப்பையில் தங்காமல் ஒரேயடியாகக் குடலில் கொட்டிவிடுவது). தரையில் படுத்தால் அரை மணியில் தெளியும். பாதி நாள் வாந்தியும் வரும். கேழ்வரகுக் கூழைக் குடித்தாலும் இதே கதைதான். ஊறவைக்காத புது ரொட்டியைத் தின்று பார்த்தேன். மூன்று வாயில் முடித்துவிட்டேன். அது உருண்டையாகத் திரண்டு நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்றது.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்து, மேலே அடுப்புச் சாம்பலைப் போட்டு மூடிவிடுவேன். அக்காவிடம் சொல்லவில்லை. என் தம்பி கிண்ணத்தை வழித்துக் குடிக்கிறான் என்று மில்லில் எல்லாரிடமும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம் என்னை மில்லுக்குக் கூட்டிப்போய், பருப்பு மூட்டை எடை போடும் தராசில் ஏற்றினாள். எடை போடுகிறவர் முள்ளைப் பார்த்தார். "முப்பத்தாறு. பாதி மூட்டகூட இல்லியே கன்னியம்மா" என்றார். பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பாலில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை சேர்ந்தது.

இன்னும் ஒரு கிலோ இறங்கினால் குழாய்தான். அது தெரிந்தும் குடித்தேன். தெரியாத ஊர்களில் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். இந்த ஒருத்தியிடம் கிண்ணம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு தெரு தள்ளி பாஷா பாயின் ரொட்டிக் கடை இருந்தது. என் வயதுக்காரர், வாய் ஓயாதவர். ரொட்டி வாங்கப் போனால் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒருநாள் ரொட்டியின் ஓரங்களை வெட்டி, தட்டில் பரப்பி, மறுபடி அடுப்பில் காயவைத்து எடுத்திருந்தார்.

"இன்னா ஏழுமல, என் ரொட்டிய தின்னு தின்னு நூலாட்டம் ஆயிட்ட. பாக்கறவங்க என் கடைய இன்னா நெனப்பாங்க?" என்றார்.

வாய்க்கு ஏதாவது வேண்டுமே என்று ஓர் ஓரத்தை எடுத்துக் கடித்தேன். செங்கல் மாதிரி இருந்தது. விழுங்க முடியாது. வாயிலேயே உருட்டி உருட்டி மாவாக்க வேண்டியிருந்தது. பாஷா பாய் தன் மச்சானோடு போட்ட சண்டையைச் சொல்லத் தொடங்கினார். சண்டை சமாதானத்துக்கு வரும்போது நான் இரண்டாவது ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தேன். நான் உட்கார்ந்தபோது வாசற்படியில் இருந்த வெயில் என் கால்வரை வந்திருந்தது.

வியர்வைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சு அடிக்கவில்லை. நடந்து வீட்டுக்குப் போனேன். அப்போதும் ஒன்றும் இல்லை. மறுநாளும் போய் மூன்று ஓரம் தின்றேன். அதற்கு மறுநாளும் போனேன். அப்போதுதான் சர்ஜன் சொன்ன "நன்றாக மெல்ல வேண்டும்" எனக்குப் புரிந்தது. வெட்டி எடுத்த வயிற்றின் வேலையை இனிமேல் வாய்தான் செய்ய வேண்டும். ஊறவைத்த ரொட்டி வாய்க்கு அந்த வேலையைக் கொடுப்பதில்லை.

நான்காம் நாள் அக்கா கிண்ணத்தோடு நின்றபோது, வாங்கிக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வியர்வை, படபடப்பு, முருங்கை மரம், சாம்பல்.

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். "பக்கத்து ஊட்டுக்காரி நம்ம மரத்துக்குக் கீழ சாம்பல் கொட்டறானு அவகிட்ட சண்ட போட்டுட்டு வந்தேன்டா" என்றாள்.

பிறகு குரல் இறங்கியது. "பாலும் ரொட்டியுமா ஊத்தி உன்ன கொன்னுகினு இருந்திருக்கேன். சொல்ல வாய் இல்லியா உனக்கு? பந்தியில மறுசோறு கேக்க மட்டும் வாய் இருந்துச்சா?"

"நீ ஓடி வந்து குடுக்கற. எப்படிக்கா வேணாம்னு சொல்றது?"

"இருவது வருஷம் வேணாம்னுதான போன" என்றாள். கிண்ணத்தை எடுத்து அவளே குடித்தாள்.

அன்று மாலை பாஷா பாய் கடைக்குப் போய்க் காய்ந்த ஓரங்களை வாங்கி வந்தாள். ஆனால் தனியாகத் தின்றால் நான் நாலாவது வாயில் பழைய வேகத்துக்குப் போய்விடுவேன். கை தானாக ஓடும். இரண்டு தடவை பார்த்துவிட்டு, தட்டைப் பிடுங்கி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு துண்டாக அவளே கொடுத்தாள். நான் மெல்லுகிற நேரம் முழுக்க இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சும்மா உன் மூஞ்சியப் பாத்துனு இருக்க முடியாது" என்றாள். "எங்கெங்க போன? ஒரு வாய்க்கு ஒரு ஊரு சொல்லு. முழுங்கிட்டு சொல்லு. சொன்னாத்தான் அடுத்த துண்டு."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஹூப்ளிக்குப் பக்கத்தில் வெங்காய லாரி கவிழ்ந்து, மூன்று நாள் வெங்காயத்தையே தின்றது ஒரு வாய். சோலாப்பூரில் மில் சங்குக்கு ஊரே எழுந்திருப்பது ஒரு வாய். மங்களூர் வந்தபோது அக்கா இடைமறித்தாள். அவள் கடல் பார்த்ததில்லை. எப்படி இருக்கும் என்று கேட்டாள். தண்ணீர் நிறைய இருக்கும் என்றேன்.

"நம்ம மலயவிட ஜாஸ்தியா?"

"மல உள்ள போயிடும்."

"பொய் சொல்லாத. மெல்லு" என்று அடுத்த துண்டைக் கொடுத்தாள்.

ஆறு வேளையும் அவளால் உட்கார முடியாது. விடியற்காலையில், மத்தியானம், விளக்கு வைத்ததும் என்று மூன்று வேளை உட்கார்ந்தாள். மற்ற வேளைகளில் அவள் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு மென்றேன். ரொட்டி ஓரத்திலிருந்து மெல்லிய கேழ்வரகு அடைக்குப் போனோம். கூழாகக் குடித்தபோது வயிறு தள்ளிய அதே கேழ்வரகு, அடையாக மென்றால் தங்கியது. பிறகு பொடி தொட்ட இட்லி. கடைசியில் சோறு, குழையாமல் வடித்து, ரசம் ஊற்றாமல், துளி பருப்போடு. சில நாள் தவறும், வியர்க்கும். மறுநாள் ஒரு படி கீழே இறங்கி மறுபடி ரொட்டி ஓரத்திலிருந்து தொடங்குவோம். என் வயிறு கேட்டது உங்கள் வயிற்றுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வயிறு திருப்பி அனுப்புவதை, அன்பாகச் சமைத்துக் கொடுப்பவரிடம் மறைக்காதீர்கள்.

ஆறாவது வாரம் வேலூரில் முள் முப்பத்தேழரையில் நின்றது. சர்ஜன் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, குழாய் வேண்டாம் என்றார். என்ன செய்தீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

"பூனா வரைக்கும் போயிட்டு வந்தோம் டாக்டர்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதெல்லாம் எழுபதுகளின் கடைசியில். இப்போது ஐம்பது கிலோ இருக்கிறேன். மாதம் ஓர் ஊசி உண்டு (இரைப்பையின் பெரும்பகுதி இல்லாததால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத ஒரு சத்துக்காக). பாஷா பாய் கடையில் அடுப்பு பார்க்கிறேன். கால் அரிக்கும்போது இரண்டு நாள் எங்காவது போய்விட்டு வருவேன், பையில் காய்ந்த ரொட்டி இருக்கும். வேலை நேரத்துக்குக் கடிகாரம் பார்க்கிறேன். மற்றதெல்லாம் வாய்க் கணக்குதான். கீழ்பென்னாத்தூருக்கு பஸ்ஸில் போக நாலு ரொட்டித் துண்டு நேரம். பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவன் நான். இலை எடுப்பவர்கள் திட்டுவார்கள்.

வேலூரிலிருந்து திரும்பிய வாரத்தில் ஒரு மத்தியானம், கையில் பாதி அடை இருக்கும்போது என் ஊர்கள் தீர்ந்துவிட்டன. யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை.

"ஊரு தீந்துபோச்சுக்கா" என்றேன்.

அவள் அடையில் ஒரு துண்டு கிள்ளி என் கையில் வைத்தாள். "சரி. நீ மெல்லு. நான் சொல்றேன்."

நான் லாரி ஏறிய மறுநாளிலிருந்து தொடங்கினாள். மாமா சைக்கிளில் என்னைத் தேடி அவலூர்ப்பேட்டை வரை போனது, டயர் வெடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பியது. அவள் மில்லில் சேர்ந்தது. பெரிய மழையில் பின்சுவர் விழுந்தது. ஒரு வாய்க்கு ஒரு வருஷம் என்று வந்தது. கடைசித் துண்டு என் வாயில் இருக்கும்போது மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்த இடத்துக்கு வந்துவிட்டாள். யாராவது சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டால், படுத்த இடத்திலிருந்தே "ஏழுமலையா பாரு" என்பாராம்.

நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

"மெல்லு" என்றாள். நான் விழுங்குகிறவரை பேசாமல் இருந்தாள். அதற்குப் பிறகுதான் மீதியைச் சொன்னாள்.