அப்பாதுரையின் முழங்காலும் ‘மிகத் திருப்தி’யும்

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் நகராட்சிக்குப் பூங்கா ரேடியோ என்று ஒன்று இருந்தது. ஒரு வால்வு செட், ஒரு நாற்காலி, தகரக் கதவு, கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். திருடன் ஏறக்கூடாது என்று யாரோ ஒரு இன்ஜினீயர் அந்த அறையைச் செங்குத்தான படிகளின் உச்சியில் கட்டிவைத்தார். திருடன் ஏறவில்லை. அப்பாதுரை ஏறினார். சாயங்காலம் செட்டைத் திருகி, கடைசிச் செய்தி முடிந்ததும் அணைப்பது அவர் உத்தியோகம். இதற்கு ஓர் ஆளா என்று கேட்பவர்கள் உத்தியோகம் பார்த்திராதவர்கள்.

படிகள் அவருடைய முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. பிறப்பு இறப்புப் பதிவில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தார். அங்கே பிறந்தவர்களின் அப்பாக்களும் செத்தவர்களின் பிள்ளைகளும் தாங்களே நடந்து வருவார்கள். குமாஸ்தா எழுந்திருக்க வேண்டியதில்லை. மேலதிகாரி மறுக்கவில்லை. பூங்கா ரேடியோவைக் கேட்க ஆளில்லை என்று எழுத்தில் வரட்டும், மூடிவிட்டு உன்னைக் கீழே உட்காரவைக்கிறேன் என்றார்.

கேட்க ஆளில்லை என்பது ஊரறிந்த சங்கதி. நெசவாளர் தெருக்களில் வீட்டுக்கு வீடு செட்டு வந்துவிட்டது. தறிச் சத்தத்துக்கு மேல் சிலோன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பூங்காவில் ஆடுகளும், மனைவியோடு சண்டை போட்டவர்களும்தான். ஆனால் எழுத்தில் வரவேண்டுமே.

வரும்போல் இருந்தது. அரசாங்க வானொலியைப் பற்றி மக்களின் மனப்பான்மையை ஆராயச் சென்னையிலிருந்து ஒரு குழு கிளம்பியது. ஷூ போட்ட ஓர் இளைஞர் தோல்பையோடு அப்பாதுரையின் தெருவுக்கே காலையில் வந்தார். அது தெருவில் பாவு விரிக்கிற நேரம். பட்டு நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆணும் பெண்ணும் நின்று இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குள் ஓட முடியாது. ஆகவே இளைஞர் பாவின் முனையில் ஆரம்பித்தார். முதல் கேள்வி, வீட்டில் ரேடியோ உண்டா?

ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கவேண்டிய காலம் அது. தெருவில் முக்கால்வாசிச் செட்டுகளுக்குக் கிடையாது. ஷூவும் தோல்பையும் இந்தக் கேள்வியும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், லைசென்ஸ் சோதனை. முனையில் நின்ற அம்மாள் தயங்கவே இல்லை. செட்டெல்லாம் ஏது, நாங்கள் தினம் பூங்காவுக்குப் போய்த்தான் கேட்கிறோம் என்றாள். பிடித்திருக்கிறதா என்றதற்கு, ரொம்பத் திருப்தி என்றாள். அடுத்தவர் அதையே சொன்னார். பதில் பாவின் மேலேயே நகர்ந்து மறுகோடி வரை போய்ச் சேர்ந்தது. ஓர் இழை அறவில்லை. மாட்டுக்குக் கோமாரி வந்தால் செய்யவேண்டியதைச் சொல்லும் நிகழ்ச்சிகூட, மாடே இல்லாத அந்தத் தெருவில் ‘மிகத் திருப்தி’ வாங்கியது.

ஆய்வு அச்சாகி வந்தபோது அப்பாதுரை மேலதிகாரியின் மேஜையருகே நின்றுகொண்டே படித்தார். பூங்கா வானொலி காஞ்சிபுரத்தாரின் உயிர்நாடி என்றிருந்தது. அன்று படியேற வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

வீட்டில் சொல்லிப் புலம்பினார். எந்தப் பாவி இப்படிச் சொன்னது என்று கேட்டார். அவருடைய மனைவி சம்பூர்ணம் அலமாரி மாடத்திலிருந்த செட்டின் சத்தத்தைக் குறைத்தாள்.

“நான்தான்பா மொதல்ல சொன்னேன். ஊட்டுக்காரரு பார்க்கு ரேடியோல இருக்கறாரு, வாயில வேற என்ன வரும்? நம்ம செட்டுக்கு மட்டும் லைசென்சு இருக்குதா?”

இல்லை.

இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது. ஆய்வு சரிதானா என்று மதிப்பிட ராஜகோபால் என்ற பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. எல்லாக் கேள்விக்கும் எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருப்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. படித்தவர்களிலும் சிலருக்கு உறுத்தும். அவர் ஒரு சாயங்காலம் பூங்காவுக்கு வந்து பார்த்தாலே போதும். ஆடுகள் உண்மையைச் சொல்லிவிடும். அவர் வரவிருந்த அன்று அப்பாதுரை சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டார்.

ஆனால் அதிகாரி வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. அப்பாதுரை படியேறித் திரும்பிப் பார்த்தால், பூங்கா நிரம்பிக்கொண்டிருந்தது. பாய், கூஜா, கைக்குழந்தை சகிதம் தெருவே வந்து உட்கார்ந்தது. ஆடுகள் வேலியோரம் ஒதுங்கின. ஒலிபெருக்கியில் உர விலையைப் பற்றி யாரோ பேச, வரதராஜன் என்ற தறிக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

ராஜகோபால் கூட்டத்தில் ஐந்தாறு பேரிடம் பழைய கேள்விகளையே திரும்பக் கேட்டார். எழுத்துப் பிசகாமல் பழைய பதிலே வந்தது. ஒரே ஆள் இருமுறையும் ஒரே பதில் சொன்னால் அந்தப் பதில் நம்பத்தக்கது என்பது சாஸ்திரமாம். பயந்தவனும் அப்படித்தான் சொல்வான் என்பதற்குச் சாஸ்திரத்தில் இடமில்லை போலிருக்கிறது. இருந்தும் அவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“அப்பாதுரை, உண்மையைச் சொல்லுங்க. தினமும் இப்படித்தானா?”

கீழே முன்வரிசையில் சம்பூர்ணம். அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பிறப்பு இறப்பு நாற்காலி. அதே வார்த்தையில் வீட்டுக்கு வீடு சோதனை, அவர் வீடு உள்பட. முழங்கால் விண்விண்ணென்றது.

“இன்னிக்குக் கொஞ்சம் கம்மி சார்” என்றார்.

ராஜகோபாலுக்குத் திருப்தி. மிகத் திருப்தியாகவே இருந்திருக்க வேண்டும். ஆய்வு முற்றிலும் சரி என்று எழுதியதோடு, இவ்வளவு ஆர்வமுள்ள ஊருக்குச் சாயங்காலம் மட்டும் போதாது, காலையிலும் ஒலிபரப்ப வேண்டும் என்று சிபாரிசும் செய்தார். அரசாங்கத்தில் சில சிபாரிசுகள் உடனே நிறைவேறிவிடுகின்றன.

உத்தரவு வந்த பிறகு அப்பாதுரை காலையிலும் ஏறினார். பூங்காவுக்கு ஆடுகள் திரும்பிவிட்டிருந்தன. இறங்கி வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் சம்பூர்ணம் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாள். மாடத்தில் சிலோன் ஓடிக்கொண்டிருக்கும்.

“வலிக்குதாபா?”

“அது கெடக்குது. சத்தத்தக் கொறை. யாரனா வந்துக்கினு இருக்கப் போறாங்க.”