முடியக் கூடாத கேசு

எங்கள் பக்கம் ஒருத்தன் உள்ளே போய்விட்டான் என்றால் சொந்த பந்தமெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "ஜாமீன் எடுத்தாச்சா?" என்ன கேசு, ஏன் பிடித்தார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். நான் திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பெயிண்டர்களில் சில பேருக்கு வீட்டு வரி ரசீதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் ஜாமீன் நின்றிருக்கிறேன். குடித்துவிட்டு அடிதடி, வண்டி மோதல், அந்த மாதிரி. எல்லாரும் மறுநாளே ஏணியில் ஏறிவிட்டார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் இதிலும் இறங்கினோம்.

அவன் இலங்கைத் தமிழன். அம்மா இடுப்பில் உட்கார்ந்து படகில் வந்தவன். ஊருக்கு வெளியே அகதிகள் முகாமில் வளர்ந்து, அங்கேயே பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு மகள். ஈரச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாய், இது உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டு இருக்கு. பட்டி பாக்கிறதுக்கு முன்னாடி ஆறுதல் சொல்லணும்" என்பான். அந்தப் பேச்சைக் கேட்கவே டீ சொல்லி உட்கார வைப்பேன். வெளிநாட்டில் பெயிண்ட் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி, இந்த ஊரிலேயே பிறந்தவன் என்று எழுதி இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டான். விசாரிக்க வந்த போலீஸ் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஜெயிலில் அவனுக்கு இலவச வக்கீல் ஒருத்தர் கிடைத்தார். சின்ன வயசு வக்கீலம்மா. வாராவாரம் உள்ளே போய்ப் பார்ப்பார். ஆனால் ஜாமீன் பேச்சையே எடுக்கவில்லை. "ஓசி வக்கீல்னா அம்புட்டுத்தான் பாய்" என்றார்கள் கடையில். அவன் மனைவியும், "எப்படியாச்சும் வெளிய எடுங்கண்ணே" என்று வந்து நின்றாள். எனக்குப் பழக்கமான ஒரு வக்கீலைப் பிடித்தோம். செக் கேசுகளில் கெட்டிக்காரர். ஜாமீனும் கிடைத்தது.

ஜெயில் வாசலில் மகள் புதுக் கவுனோடு நின்றாள். அவன் வெளியே வந்தான். கையில் பெயிண்ட் கறை இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. வேறு யாரோ மாதிரி இருந்தான். பிள்ளை ஓடிப் போய்த் தொடுவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் அவனை ஒரு வேன் பக்கம் திருப்பினார்கள்.

"சார், ஜாமீன் ஆர்டர் இருக்கு சார்!"

"ஜாமீன் ஜெயிலுக்குத்தான் பாய். இவரு வெளிநாட்டுக்காரரு. வெளிய வந்தா பழைய முகாம் இல்ல, சிறப்பு முகாம்தான். அங்கிருந்து இலங்கைக்கு அனுப்புறாங்களோ என்னவோ."

மறுநாள் வக்கீலம்மாவைத் தேடிப் போனோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவர்கிட்ட சொல்லியிருந்தேனே, ஜாமீன் கேட்க வேணாம்னு. மகளைப் பாக்கிற ஆசையில கையெழுத்துப் போட்டுட்டாரு. ஜெயில்ல இருந்தவரைக்கும் நான் போய்ப் பாக்கலாம். அது கைதிக்கான ஏற்பாடு. முகாம்ல இருக்கிறவரு கைதி இல்லையாம்."

"பூட்டித்தானம்மா வச்சிருக்காங்க?"

"பூட்டித்தான் வச்சிருக்காங்க."

திருப்பி அனுப்புவதைத் தடுக்க மதுரை ஹைகோர்ட்டில் மனுப் போட வேண்டும் என்றார். மதுரையில் ஒரு வக்கீல், "அவர் கையெழுத்துப் போட்ட வக்காலத்து இல்லாம நான் யாருக்காக நிக்கிறது?" என்றார். சிறப்பு முகாம் வாசலில் அந்தத் தாளை உள்ளே விடவில்லை; வக்கீல் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மதுரைக்காரரோ, வக்காலத்து இல்லாமல் வக்கீல் என்று சொல்லி அங்கே போக முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவன் மனைவி சொன்னாள்: "கதவு நெறைய இருக்குண்ணே. எல்லாம் நம்மளப் பாத்து வெளிய போன்னு சொல்லுது."

மிச்சமிருந்தது பாஸ்போர்ட் கேசு மட்டும். அது நடக்கும்வரை அவனை நாடு கடத்துவது கஷ்டம். வாய்தாவுக்கு எப்படியும் திண்டுக்கல் கோர்ட்டுக்குக் கூட்டி வருவார்கள், அப்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்று வக்கீலம்மா சொல்லிக் கொடுத்தார்.

வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. நம்ம செக் கேசு வக்கீல் சந்தோஷமாக வந்தார். "குத்தத்த ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிரும். இன்னைக்கே முடிச்சிரலாம்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "முடிச்சிருவோம் பாய். எனக்கு ஏலல. முடிஞ்சா வீட்டுக்குப் போயிரலாம்ல?"

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அவன் மனைவி.

நான் வக்காலத்தை நீட்டினேன். காவலுக்கு வந்த போலீஸ்காரர் பார்த்தார். "செத்த நேரம்தான், சட்டுனு போடச் சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னல் திட்டில் வைத்து அவன் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். அவன் திரும்பி வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"இல்லைங்கய்யா. நான் வேற வக்கீல் வைக்கணும். டைம் வேணுங்கய்யா."

வாய்தா போட்டார்கள். வேனும் போய்விட்டது. கோர்ட் வாசலில் அத்தனை பேரும் வாய்தாவைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். அவள் மட்டும் வக்காலத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அடுத்த தடவையும் இதே மாதிரி தள்ளி வச்சிருவாங்களாண்ணே?"

மதுரை பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.