மடை இல்லாத வயல்

மழைக்காகப் பள்ளிக்கூடம் மூடியிருந்த நாட்களில் நான் சீனம் எழுதியிருக்கிறேன். பேச ஒரு சொல் தெரியாது. எழுத மட்டும் எழுதினேன். இதைச் சொன்னால் என்னோடு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் கதை விடுகிறேன் என்கிறார்கள். எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். எழுதிக் காட்டினால், சரியா தவறா என்று சொல்ல அவர்களுக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

அப்போது நான்காம் வகுப்பு. டிவியில் கீழே ஓடும் வரியில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வந்துவிட்டால் அன்று விடுமுறை. அந்த வரியைப் படித்துச் சொல்வது என் வேலை, ஏனென்றால் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அதுவும் பேனாவைக் கடப்பாரையைப் போலப் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்கு அதுவும் வராது. என் கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும். டீச்சர் என் நோட்டை ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பிக் காட்டச் சொல்லுவார். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். இன்றும் குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அம்மா கூத்தாநல்லூரில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். மழை நாளில் என்னைத் தனியாக விட்டுப்போகப் பயந்து கூடவே கூட்டிப்போவாள். அந்தக் கார்த்திகையில் வீட்டுக்காரம்மாவின் தங்கை தன் மகளோடு மலேசியாவிலிருந்து வந்திருந்தார். அம்மா அவரைச் சின்னம்மா என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் சின்னம்மா. மகள் பெயர் நஸ்ரின். என் வயதுதான். பேச்சு நம் தமிழ்தான், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘லா’ மட்டும் வால்போல ஒட்டிக்கொண்டு வரும்.

“உங்க ஸ்கூல்ல சீனம் இருக்கா?” என்று முதல் நாளே கேட்டாள்.

“நாங்க எதுக்குடி அதைப் படிக்கணும்?”

“எங்க ஸ்கூல்ல கணக்குகூட சீனத்துலதான் லா.”

அவளுடைய அத்தா அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அந்த ஊரில் சீனம் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மகளைச் சீனப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். வகுப்பில் இவளைச் சேர்த்துத் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. விடுமுறைக்கென்று பன்னிரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கம் முழுக்கக் கட்டங்கள். வரிசையின் முதல் கட்டத்தில் எழுத்தை அச்சடித்திருக்கும். மற்றக் கட்டங்களில் அதையே பார்த்து எழுத வேண்டும். ஒரு மாதம் ஆகப்போகிறது, நஸ்ரின் முடித்திருந்தது இரண்டு பக்கம். ஊருக்குத் திரும்ப ஒரு வாரம்தான் இருந்தது.

ஒருநாள் அவள் அத்தா போனில் பேசியது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

“இந்த வருஷமும் இதே கூத்துன்னா என்னால முடியாது. புள்ளைய அக்கா வீட்லயே விட்டுட்டு வந்துரு. அங்கயே படிக்கட்டும்.”

சின்னம்மா போனை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நஸ்ரின் அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“இங்கயே இரேன். எங்க ஸ்கூல்ல என் பக்கத்துல உக்காரலாம். முட்டை போடுவாங்க.”

“எங்கம்மா அங்க போயிரும் லா,” என்றாள். “அம்மா இல்லாம எனக்குத் தூக்கம் வராது.”

அது எனக்குப் புரிந்தது. அம்மா நடவுக்குப் பக்கத்து ஊர் போய் ஒரு ராத்திரி தங்கினாலே நான் சாப்பிட மாட்டேன். நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“எப்படின்னு சொல்லு. நான் எழுதறேன்.”

நஸ்ரின் சொல்லிக்கொடுத்தாள். படுக்கைக்கோடு முதலில், நிற்கும் கோடு பிறகு. இடமிருந்து வலம். பெட்டிபோல வரும் எழுத்துக்கு ஒரு விதி உண்டு: ஆட்கள் எல்லோரும் உள்ளே வந்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். அதாவது உள்ளே இருக்கும் கோடுகளைப் போட்டுவிட்டு, அடிக்கோட்டைக் கடைசியாக இழுக்க வேண்டும்.

நான் இரண்டு எழுத்து அப்படி எழுதிப் பார்த்தேன். பிறகு நம் வழிக்கு வந்துவிட்டேன். வரிசை முழுக்க முதல் கோடு, திரும்பி வந்து வரிசை முழுக்க இரண்டாவது கோடு. அம்மா நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னால் நகருகிற மாதிரி கை தானாக நகர்ந்தது.

“ஒரு எழுத்த முடிச்சிட்டுத்தான் அடுத்தது. லாவ்ஷி பாத்தா அடிப்பாங்க!”

“உங்க டீச்சர் இங்க எங்கடி இருக்காங்க?”

அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்தது. நஸ்ரின் அதற்குப் பிறகு விதி பேசவில்லை. மூன்று நாளில் ஏழு பக்கம் எழுதினேன். அச்செழுத்தையும் என் எழுத்தையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் வந்ததும் கையை ஊன்றியபடி நோட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு சதுரம், உள்ளே நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. பக்கம் பூராவும் அதே எழுத்து.

“இது என்னடி, சன்னலா?”

“வயலு லா ஆன்ட்டி,” என்றாள் நஸ்ரின். “வயலுன்னு அர்த்தம்.”

அம்மா துணியை வாளியில் போட்டுவிட்டு நன்றாகக் குனிந்து பார்த்தாள். “வயலா? வரப்பு இருக்கு. மடையக் காணோமே. தண்ணி எங்கிட்டு வரும், எங்கிட்டு வடியும்?”

நஸ்ரின் சிரித்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே வாளியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த வாரம் ஊரில் வேறு பேச்சே கிடையாது. நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த மூன்று மா நிலத்திலும் நட்ட பயிர் முங்கிக் கிடந்தது. அப்பா தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு விடியற்காலையிலேயே மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டிவிட்டு வருவார். வந்து, “இன்னும் ரெண்டு நாள் வடியலைன்னா அழுகிரும்,” என்பார். இங்கே நான் பக்கம் முழுக்க எழுபது வயலை நாலு பக்கமும் அடைத்து வைத்திருந்தேன்.

நஸ்ரின் குளிக்கப் போனபோது ரப்பரை எடுத்தேன். ஒவ்வொரு வயலிலும் அடிவரப்பில், வலதுகை ஓரமாக, ஒரு அரிசி அகலத்துக்கு அழித்தேன். எழுபதிலும். அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகிற மாதிரிகூடத் தெரிந்தது.

மறுநாள் நாங்கள் போனபோது சின்னம்மா அந்த நோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அச்செழுத்தின்மேல் ஒரு விரல், எழுதிய எழுத்தின்மேல் ஒரு விரல். இரண்டு விரலும் சேர்ந்து நகர்ந்தன. மகள் எழுதியதை அவர் எப்போதும் அப்படித்தான் சரிபார்ப்பாராம்.

“நஸ்ரினு, இங்க ஏன் எல்லாத்துலயும் விட்டுப்போயிருக்கு? இது வேற எழுத்தா?”

நஸ்ரின் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அம்மாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. “சின்னம்மா, நான்தாங்க வாய வச்சேன். மடை இல்லையேன்னு விளையாட்டுக்குச் சொன்னேன். இந்தக் கழுதை போயி தொறந்து விட்டுருக்கு.” என் முதுகில் ஒன்று வைத்தாள். “அடுத்தவங்க நோட்டுல உனக்கு என்னடி வேல?”

“இருங்கக்கா, அடிக்காதீங்க,” என்றார் சின்னம்மா. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். “இதுல எது நீ எழுதுனது, எது அவ எழுதுனது?”

நஸ்ரின் என் பின்னால் ஒதுங்கினாள்.

“எனக்குத் தெரியலடி,” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “நான் பெத்த புள்ள எழுதுனது எதுன்னு எனக்கே தெரியல.”

நஸ்ரின் விரலால் காட்டினாள். முதல் இரண்டு பக்கம் அவள் எழுதியது. மீதி நான். சின்னம்மா ரப்பரை எடுத்து என் பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தார். மூன்று நாள் எழுதிய முத்துக்கள் எல்லாம் கறுப்புத் தூளாகி அவர் மடியில் விழுந்தன. மடையை அடைத்திருந்தால் போதுமே, மொத்தத்தையும் ஏன் அழிக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு அவர் போனை எடுத்து நஸ்ரினின் அத்தாவைக் கூப்பிட்டார்.

“புள்ளைய நான் இங்க விட மாட்டேன்,” என்றார் எடுத்த எடுப்பில். “ஆமா, எனக்குச் சீனம் தெரியாதுதான். நானும் படிக்கிறேன். அவகூட உக்காந்து நானும் எழுதறேன். அதுக்கு மேல வரலைன்னா அப்பப் பாத்துக்கலாம்.” மறுபக்கம் என்ன சொன்னார்களோ, “சிரிக்கறதுன்னா சிரிங்க,” என்று வைத்துவிட்டார்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பென்சிலைப் பிடித்தார். “சொல்லுடி. முத கோடு எங்கேருந்து?”

“இங்கேருந்து லா. மேலேருந்து கீழ. ஐயோ, அப்படி இல்லம்மா!”

நாற்பது வயது விரல்கள் அதற்கு வளையவில்லை. பெட்டி பெட்டியாக இல்லாமல் நசுங்கிய டப்பாவாக வந்தது. உள்கோடு வெளியே எட்டிப் பார்த்தது. அடுத்த முறை கதவை முதலில் சாத்திவிட்டார். ஆட்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். நஸ்ரின் குப்புறப் படுத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் பக்கங்களை அழித்த கோபமும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இருந்தது. சின்னம்மாவும் சிரித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள், வாசற்படியில் துடைப்பத்தோடு நின்று அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் என்னிடம் கேட்டாள். “அவங்க எழுதறப்ப ஏன்டி அப்படிச் சிரிச்ச?”

“கோணலா இருந்துச்சும்மா. ஒண்ணாவது புள்ளகூட நல்லா எழுதும்.”

“நாளைக்கும் எழுதுவாங்களா?”

“ஊருக்குப் போற வரைக்கும் தினமும்னு சொன்னாங்க.”

“அப்ப நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போயிருவோம்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். அம்மா பாத்திரம் கழுவி, வீடு துடைத்து, துணி அலசி, எல்லாவற்றையும் பத்து மணிக்குள் முடித்துவிட்டாள். பிறகு ஒரு முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு வந்து, சின்னம்மாவும் நஸ்ரினும் எழுதிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அவர்கள் ஒவ்வொரு கோடாக இழுத்தார்கள். அம்மா அரிசியில் கல் பொறுக்கினாள். மதியம் அவர்கள் நோட்டை மூடும்வரை பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் ஊருக்குப் புறப்பட்ட நாள்வரை தினமும் அப்படித்தான் நடந்தது. அது கடையில் வாங்கிய பொன்னி அரிசி. அதில் அவ்வளவு கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.